ஒன்றாம் எண் காலி

இருபத்திரண்டு வருடம் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அங்கே சங்கம் இருந்தது. மாதாமாதம் சம்பளத்தில் சந்தா பிடித்துக்கொள்வார்கள். வருடத்துக்கு ஒரு டைரி கொடுப்பார்கள். சங்கத்துக்காக நான் செய்த ஒரே தியாகம், ஒரு வருடம் டைரி தீர்ந்துவிட்டது என்று சொன்னபோது சண்டை போடாமல் திரும்பி வந்தது. அலுவலக வாசலில் சங்கம் நடத்தும் கூட்டங்களில் கடைசி வரிசையில் நிற்பேன். கோஷம் போடும்போது வாயை மட்டும் அசைப்பேன். தூரத்திலிருந்து பார்க்கும் மேலாளருக்கு நான் கொட்டாவி விடுவதாகத் தோன்ற வேண்டும், பக்கத்தில் நிற்கும் தோழருக்குக் கோஷம் போடுவதாகத் தோன்ற வேண்டும். இந்த இரட்டை வேடத்தில் எனக்கு நல்ல தேர்ச்சி இருந்தது.

பிறகு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, முடிச்சூரில் சொந்த வீட்டின் கீழ்ப்பகுதியில் உட்கார்ந்து பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரைகள் எழுத ஆரம்பித்தேன். நகைச்சுவை என்பது பத்திரிகைக்காரர்கள் போடும் தலைப்பு. என் மனைவிக்கு அதில் வேறு கருத்து உண்டு.

ஆகவே ஒரு புதன்கிழமை காலை மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்து, "சார், நாங்க குடோன்ல சங்கம் ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். உங்க உதவி வேணும்" என்று சொன்னபோது, அவர் வேறு யாரையோ தேடி வந்து வீடு மாறிவிட்டது என்றே நினைத்தேன்.

மாடிவீட்டுக்காரர் என்றால் எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருப்பவர். நாற்பது வயதிருக்கும். கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். இவர் படப்பையைத் தாண்டி ஒரு பெரிய குடோனில் வேலை செய்கிறார். நாம் செல்பேசியைத் தட்டி வாங்கும் சோப்பு, செருப்பு, சார்ஜர் எல்லாம் அங்கேதான் அடுக்கியிருக்கும். கையில் ஒரு ஸ்கேனர் கொடுத்திருப்பார்கள். அதைக் 'கன்' என்பார்கள். எந்த அலமாரியில் எதை எடுக்க வேண்டும் என்று கன் சொல்லும். எடுத்து டப்பாவில் போட்டால் அடுத்ததைச் சொல்லும். கொஞ்ச நேரம் எதையும் எடுக்காவிட்டால், சும்மா இருந்த நேரம் என்று குறித்துக்கொள்ளும். கழிப்பறைக்குப் போய் வந்தாலும் அதன் பார்வையில் சும்மா இருந்ததுதான். சும்மா இருப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் எனக்கு இதைக் கேட்டதும் உடம்பு கூசியது.

"அது கூடப் பரவால்ல சார். கான்ட்ராக்டர் பதினோரு மாசத்துக்குத்தான் லெட்டர் குடுப்பாரு. பதினோரு மாசம் முடிஞ்சா நாலு நாள் வீட்ல இருக்கணும். அப்புறம் புதுசா ஒரு லெட்டர். அஞ்சாவது தடவையா புதுசா சேர்ந்திருக்கேன், அதே குடோன்ல, அதே ரேக்ல. ஒவ்வொரு தடவையும் லெட்டர் வருமா வராதான்னு நாலு நாளும் போனையே பார்த்துக்கிட்டு இருப்பேன்."

அடுத்த லெட்டருக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. அதற்குள் சங்கம் பதிவாகிவிட்டால், லெட்டர் வராமல் போனாலும் கேட்பதற்கு ஒரு பெயர்ப்பலகை இருக்கும். பதிவாகாவிட்டால் தனியாளாக கேட்டில் நிற்க வேண்டியதுதான். இதுதான் அவர் கணக்கு.

"பதினோரு மாசமா? என்ன அக்கிரமம்!" என்றேன். எனக்கே கேட்க நன்றாக இருந்தது.

அவர் மாடி ஏறியதும் என் மனைவி சமையலறையிலிருந்து கேட்டாள்: "ஏங்க, நம்ம வாடகை அக்ரிமென்ட் எத்தனை மாசத்துக்குப் போட்டிருக்கோம்?"

"அது வேற விஷயம்" என்றேன்.

என்னிடம் அவர் வந்ததற்கு என் எழுத்துத் திறமை காரணமில்லை என்பது போகப் போகத் தெரிந்தது. காரணம், என் பிரிண்டர். எங்கள் தெருவில் பிரிண்டர் உள்ள வீடு எங்களுடையது ஒன்றுதான். ஆதார் நகல், ரயில் டிக்கெட், பிள்ளைகளின் ஹால் டிக்கெட் என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். எனவே குடோன்காரர்கள் ஏழு பேர் வந்து போனாலும் யாரும் ஒன்றும் நினைக்கப் போவதில்லை. படப்பை டீக்கடைகளில் கூடலாம் என்றால் அங்கே மேஜைக்கு ஒரு சூப்பர்வைசர் உட்கார்ந்திருப்பாராம். தாம்பரத்தில் ஒரு பழைய சங்க ஆபீஸுக்கு இவர் போய்க் கேட்டிருக்கிறார். அங்கே இருந்தவர் விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்து, "மொதல்ல ஏழு பேர் கையெழுத்து வாங்கிட்டு வாம்மா, மத்ததெல்லாம் பார்த்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். படிவத்துடன் சங்கத்தின் நோக்கங்கள் என்று ஒரு பக்கம் இணைக்க வேண்டும். அதை எழுதும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முதல் காரியமாக, தொழிற்சங்கச் சட்டம் பற்றி ஒரு புத்தகத்தைச் செல்பேசியில் வாங்கினேன். மறுநாளே வந்துவிட்டது. அதைவிட வேகமாக மாடியிலிருந்து செய்தி வந்தது.

"சார், அந்தப் புக்கு எங்க குடோன்லேர்ந்துதான் வந்துச்சு. நேத்து கன்ல அந்தப் பேரு வந்ததும் எடுக்கப் போன பொண்ணு பயந்துட்டா. நம்மள யாரோ சோதிக்கறாங்கன்னு நெனச்சு, கேமரா பக்கம் முதுகைக் காட்டிக்கிட்டு எடுத்துப் போட்டிருக்கா."

நோக்கங்களை மூன்று நாள் எழுதினேன். மனித உழைப்பின் வரலாற்றிலிருந்து ஆரம்பித்து, இரண்டாம் பக்கத்தின் நடுவில் படப்பைக்கு வந்து சேர்ந்தேன். அதை முதலில் படித்தவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். மேலடுக்குகளிலிருந்து பாரங்களை இறக்கும் வண்டி அது; குடோனில் அதை ஓட்டத் தெரிந்தவர்கள் மூன்றே பேர், அவர்களில் இவர்தான் கெட்டிக்காரர் என்று மாடிவீட்டுக்காரர் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை தொழுகைக்காக அன்று வார விடுமுறை கேட்டாராம்; ஞாயிற்றுக்கிழமை கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கோபத்தில் சங்கத்துக்கு வந்தவர். நின்றபடியே இரண்டு பக்கங்களையும் படித்தார்.

"இன்னா சார், கல்யாணப் பத்திரிக கணக்கா கீது? பொண்ணு மாப்ள பேரு மட்டும்தான் இல்ல."

"முன்னுரை அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"சார், உக்கார ஸ்டூல் வோணும், தண்ணி பக்கத்துல வோணும், பாத்ரூம் போனா சும்மா இருந்தேன்னு எழுதக் கூடாது, பதினோரு மாசம்னு சொல்லி வூட்டுக்கு அனுப்பக் கூடாது. நாலு வரி. இதுக்கு எதுக்கு சார் ஆதி மனுசன்லாம்?"

ஆதி மனிதனை நீக்கிவிட்டு நாலு வரியை எழுதினேன். என் வாழ்நாளில் எழுதியவற்றில் பிறர் முழுதாகப் படித்தது அந்த நாலு வரியாகத்தான் இருக்கும்.

அடுத்தது கையெழுத்து. இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தக் குடோன் வாரத்தில் ஏழு நாளும் நடக்கும். விடுமுறை ஆளுக்கொரு நாள். அலமாரி, பேக்கிங், லோடிங் என்று பிரிவுக்கு ஒருவராகச் சேர்த்திருந்த இந்த ஏழு பேருக்கும் ஏழு வெவ்வேறு நாள். ஏழு பேரும் சேர்ந்து ஒரு நாளும் ஒரே அறையில் உட்கார முடியாது. அதனால் படிவம் ஒரு வாரம் என் மேஜையிலேயே இருப்பது என்றும், அவரவர் விடுமுறை நாளில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவது என்றும் முடிவாயிற்று. படிவத்தில் ஒன்று முதல் ஏழு வரை எண் போட்டு ஏழு கோடுகள். இதைவிடச் சுலபமான காரியம் இருக்க முடியாது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை பேக்கிங்கில் இருப்பவர் வந்தார். என் பேனாவை வாங்கினார். ஏழாம் எண்ணில் கையெழுத்துப் போட்டார். தவறிப் போட்டுவிட்டார் என்று நினைத்தேன். மரியாதைக்காக ஒன்றும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை லோடிங்கில் இருக்கும் ஒரு பெண் வந்து ஆறில் போட்டார். புதன்கிழமை மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்தபோது படிவத்தைக் காட்டி, "இவங்கள்லாம் கீழேருந்து மேல எழுதறாங்களே?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "சார், எங்க குடோன்ல சேர்ந்த அன்னிக்கு சொல்லிக் குடுக்கற மொத பாடமே அதுதான். மொதல்ல வந்த சரக்கு மொதல்ல வெளிய போகணும். பழசு முன்னாடி, புதுசு பின்னாடி. இல்லேன்னா டேட் முடிஞ்சுடும். சோப்போ, மசாலாவோ, முன்னாடி இருக்கறதுதான் மொதல்ல போகும். லிஸ்ட்டும் அப்படித்தான்னு எல்லாருக்கும் மனசுல பதிஞ்சு போச்சு. ஒண்ணாம் நம்பர்ல இருக்கறவங்கதான் மொதல்ல வெளிய போவாங்க."

"அப்ப நீங்க?"

அவர் பேனாவை எடுத்தார். பேனா ஒன்றாம் எண்ணுக்கு மேல் ஒரு விநாடி நின்றது. அப்படியே இறங்கி ஐந்தில் உட்கார்ந்தது. எழுதி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் மூடியைப் போட்டார்.

வியாழன் நான்கு, வெள்ளி மூன்று, சனி இரண்டு. ஞாயிற்றுக்கிழமை ஃபோர்க்லிஃப்ட்காரர் வந்தார். கையில் கறி வாங்கிய பை. படிவத்தைப் பார்த்தார். முன்னும் பின்னும் திருப்பினார்.

"இன்னா சார் இது, பஸ்ஸுல எல்லா சீட்டும் ஃபுல்லாகி டிரைவர் சீட்டு மட்டும் காலியா கீது?"

"வண்டி ஓட்டறவர்தானே நீங்க?" என்றேன். அந்த நேரத்தில் இது எனக்கு நல்ல நகைச்சுவையாகப் பட்டது.

அவர் சிரிக்கவில்லை. "கறி வாங்கினு வந்துட்டேன். வூட்ல குட்த்துட்டு அஞ்சு நிமிசத்துல வந்துர்றேன் சார்."

அந்தக் கறி வேகவே இல்லை போலிருக்கிறது. சாயங்காலம் வரை பார்த்தேன், வரவில்லை. போனை எடுக்கவில்லை. மறுநாள் படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதாக ஏற்பாடு. லோடிங் பெண் ஒரு நாள் லீவு சொல்லித் தயாராக இருந்தார். ஆறு கையெழுத்துகளுக்கு மேலே ஒன்றாம் எண் பல் விழுந்த இடம் போல இருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சங்கத்தில் வெளியாட்கள் நிர்வாகியாக இருக்கலாம் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. நானே கோடு போட்டு வைத்திருந்தேன். நான் கௌரவத் தலைவர். ஒன்றாம் எண்ணில் நான். என்னை யார் வேலையை விட்டு நீக்க முடியும்? எனக்கு வேலையே இல்லையே! இருபத்திரண்டு வருடம் வாயை மட்டும் அசைத்ததற்கு ஒரே கையெழுத்தில் பிராயச்சித்தம். உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தேன்.

"கையெழுத்துப் போடறதுக்கு எதுக்கு சட்டை மாத்தறீங்க? போட்டோவா எடுக்கப் போறாங்க?" என்றாள் மனைவி.

மாடிவீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் காட்டினேன். தயங்கினார். "நீங்க போடலாமா சார்?"

"தாராளமா" என்று பக்கத்தைக் காட்டினேன். கோடு போட்ட இடத்தைப் படித்தார். அவர் நம்பினார். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு பேசினால் யாரும் நம்பத்தான் செய்வார்கள். அது என் முகத்தின் கோளாறு.

படிவத்தைக் கொடுத்து ஒரு மாதத்துக்கு மேல் சத்தமே இல்லை. பிறகு ஒரு நாள் தொழிலாளர் அலுவலகத்திலிருந்து வரச் சொன்னார்கள். அன்று புதன்கிழமை என்பதால் நானும் மாடிவீட்டுக்காரரும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினோம். அலுவலகத்தில் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சாப்பாட்டுப் பையை மேஜையின் ஓரத்தில் தயாராக வைத்திருந்தார். நேரம் பன்னிரண்டேமுக்கால். இப்படிப்பட்டவர்கள் சுற்றி வளைக்க மாட்டார்கள்.

"ஒண்ணாம் நம்பர் யாரு?"

"நான்தான்."

"என்ன வேலை?"

"எழுத்தாளர்."

"குடோன்லயா?"

"வீட்ல."

அவர் பேனாவை வைத்தார். "சார், நீங்க தலைவரா இருங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா விண்ணப்பத்துல கையெழுத்துப் போடற ஏழு பேரும் அங்க வேலை பாக்கறவங்களா இருக்கணும். உங்களைக் கழிச்சா எத்தனை?"

"ஆறு."

"ஆறு பேருக்கு சங்கம் கிடையாது." பையை எடுத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "சட்டப் புத்தகம் வெச்சிருக்கீங்களா? அடுத்த பக்கமும் படிங்க சார்."

வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தேன். அடுத்த பக்கத்திலேயே இருந்தது. நான் கோடு போட்ட வரிக்கும் அதற்கும் இடையில் ஒரு தாள் கனம்தான்.

ரயிலில் திரும்பும்போது மாடிவீட்டுக்காரர் பல்லாவரம் வரும்வரை விரல் விட்டு நாள் எண்ணிக்கொண்டு வந்தார். அவருடைய லெட்டருக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. முதலிலேயே சரியாகக் கொடுத்திருந்தால் இந்நேரம் பாதி வேலை முடிந்திருக்கும். இனி புதுப் படிவம், புதிதாக ஏழு கையெழுத்து, மறுபடி ஒரு வாரம். மன்னிப்புக் கேட்பதற்காக நான் ஒரு நீளமான வாக்கியத்தை மனத்துக்குள் தயார் செய்துகொண்டிருந்தேன். குரோம்பேட்டையில் அவர் சொன்னார்:

"அடுத்த தடவை பிரிண்ட் மட்டும் போட்டுக் குடுங்க சார். போதும்."

என் வாக்கியத்தை நான் முழுங்கினேன்.

அன்று மாலையே இறங்கி வந்தார். பேனாவை அவரே கொண்டுவந்திருந்தார். பிரிண்டர் படிவத்தைத் துப்பி முடிப்பதற்குள் கையை நீட்டி எடுத்து, மேஜை மேல் வைத்து, ஒன்றாம் எண்ணில் கையெழுத்துப் போட்டார். இனிஷியல், பேர், கீழே ஒரு கோடு. மை காயாத தாளை என் பக்கம் தள்ளினார்.

"லெட்டருக்கு மூணு வாரம்தான இருக்கு? இப்பப் போய்..." என்றேன்.

"யோசிச்சுட்டேன் சார். லெட்டர் வராதுன்னு வெச்சுக்குவோம். அஞ்சாம் நம்பர்ல போட்டாலும் வராது. வந்துச்சுன்னா, ஒண்ணாம் நம்பர்ல போட்டவளுக்கே வந்துச்சுன்னு மத்தவங்களுக்குத் தைரியம் வரும்ல?"

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். தூசி ஒன்றும் இல்லை.

இனிமேல் மற்றவர்கள் வரிசையாக இரண்டு, மூன்று என்று இறங்கி வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். இதையே சிறுகதையாக எழுதியிருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பேன். வியாழக்கிழமைக்காரர் வந்து ஏழில் போட்டார். வெள்ளி ஆறு. சனி ஐந்து. பழக்கம் பழக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை ஃபோர்க்லிஃப்ட்காரர் வந்தார். இந்த முறை கையில் கறி இல்லை. கறிக்கடைக்குப் போகும் முன்பே வந்துவிட்டார். ஒன்றாம் எண்ணில் இருந்த பெயரை விரல் வைத்துப் படித்தார்.

"அக்காவா?"

"ஆமா."

மேஜையிலிருந்த பேனாவை எடுத்தார். நான்கில் கையெழுத்துப் போட்டார். "நாலு. நடுவுல. முன்னாடியும் ஆள் கீது, பின்னாடியும் ஆள் கீது" என்று சொல்லிவிட்டு, வாசல் வரை போய்த் திரும்பி, "அன்னிக்குக் கறி வாங்கினு போனேன்ல சார், அது எனக்கு இறங்கவே இல்ல" என்றார்.

செவ்வாய்க்கிழமை லோடிங் பெண்ணுக்கு இரண்டாம் எண்தான் மிஞ்சியது. "அக்காவுக்குக் கீழதான?" என்று கேட்டுவிட்டுப் போட்டார்.

விண்ணப்பத்தைக் கொடுத்து முத்திரை வைத்த நகல் வாங்கி வந்தார்கள். நான் போகவில்லை, கூப்பிடவும் இல்லை. நகல் எடுத்துக் கொடுத்து, ஒன்றை என் மேஜையில் வைத்துக்கொண்டதோடு சரி.

பழைய லெட்டரின் பதினோரு மாதம் முடிந்தது. வழக்கமான நாலு நாளும் கழிந்தது, புது லெட்டர் வரவில்லை. ஐந்தாம் நாள் அவர் வழக்கம்போலக் கம்பெனி பஸ்ஸைப் பிடித்துக் குடோனுக்குப் போனார். எட்டரை மணிக்கு எனக்குப் போன் வந்தது.

"சார், கேட்ல கார்டைக் காட்டினா செவப்பு விளக்கு எரியுது. உள்ள விட மாட்டேங்கறாங்க. சிஸ்டம் பிரச்சினைன்னு சொல்றாங்க. அந்த முத்திரை வெச்ச நகலு உங்ககிட்ட இருக்குல்ல, அதைக் கொண்டு வர முடியுமா? எங்க வீட்டுக்காரரு ஸ்கூல் டிரிப்புல இருக்காரு."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். கேட்டில் செக்யூரிட்டி ஒரு நோட்டை நீட்டினார். பெயர், ஊர், வந்த காரணம். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. வாழ்க்கையில் ஒரு முறையாவது சங்கம் என்ற சொல்லை எதிரியின் நோட்டில் எழுத வாய்ப்புக் கிடைத்தும், 'நகல் கொடுக்க' என்று எழுதினேன்.

என் நரையையும் கண்ணாடியையும் பார்த்த செக்யூரிட்டி உடனே ஒரு நாற்காலியை மின்விசிறிக்கு அடியில் இழுத்துப் போட்டார். "உக்காருங்க சார்." அந்த அறையில் இருந்ததே ஒரு நாற்காலிதான். ஆறு மணியிலிருந்து நின்றுகொண்டிருந்த மாடிவீட்டுக்காரர் சுவரோரம் இருந்தார். நான் அவரை உட்காரச் சொன்னேன்.

"நீங்க உக்காருங்க சார். எனக்கு நின்னு பழக்கம்" என்றார்.

சங்கத்தின் நாலு வரியில் முதலாவது ஸ்டூல் என்பது நினைவுக்கு வந்தது. நானும் நின்றேன். கடைசி வரை அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. செக்யூரிட்டிதான் என்ன செய்வதென்று தெரியாமல் அதை இரண்டு முறை துடைத்தார்.

ஒன்பதரை மணிக்கு மேல் லாரிகள் வர ஆரம்பித்தன. வந்தவை உள்ளே போகவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக ரோடு வரை நின்றன. டிரைவர்கள் இறங்கி ஹாரனுக்குப் பதில் வாயால் கத்தினார்கள். உள்ளே என்ன நடந்தது என்பதைப் பிறகுதான் ஃபோர்க்லிஃப்ட்காரர் சொன்னார்.

குடோன் சுவர்களில் பாதுகாப்பு விதிகள் என்று பெரிய பெரிய போஸ்டர்கள் ஒட்டியிருக்குமாம். ஃபோர்க்லிஃப்ட் நடை வேகத்தில்தான் போக வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று ஹாரன் அடிக்க வேண்டும். பாரத்தை இறக்கும்போது பக்கத்தில் ஒருவர் நின்று சைகை காட்ட வேண்டும். அவர் வரும்வரை வண்டியை நகர்த்தக் கூடாது. யாரும் அந்த வேகத்தில் ஓட்டியதில்லை. ஓட்டினால் டீம் லீடரே திட்டுவார். அன்று காலை, மாடிவீட்டுக்காரரைக் கேட்டில் நிறுத்திய செய்தி உள்ளே வந்ததும் இவர் போஸ்டரைப் படித்தார். மற்ற இரண்டு பேரையும் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார்.

"ஸ்டிரைக்கா பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"அய்யய்ய, இன்னா சார் பேசற நீ! போஸ்டர்ல இன்னா போட்டுகீதோ அத்தான் செஞ்சோம். டீம் லீடர் ஓடி வந்து, 'டேய், ஏன்டா ஆமை மாதிரி ஓட்டற'ன்றான். 'அண்ணா, சேஃப்டி ஃபர்ஸ்ட்'னு சொவத்தக் காட்டினேன். மூஞ்ச பாக்கணுமே! அந்த போஸ்டர ஒட்னதே அவன்தான்."

மேலடுக்கிலிருந்து பாரம் இறங்கவில்லை. பாரம் இறங்காததால் அலமாரிகள் நிரம்பவில்லை. அலமாரி காலியானதால் கன்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. குடோன் முழுவதும் சும்மா இருந்த நேரம். யார் கணக்கில் எழுதுவது என்று கன்னுக்கே தெரிந்திருக்காது.

பதினொன்றே காலுக்கு உள்ளேயிருந்து ஓர் அதிகாரி வந்தார். டை கட்டியிருந்தார், ஆனால் அதை ஒரு தோளுக்கு மேல் எறிந்திருந்தார். மாடிவீட்டுக்காரரிடம், "சிஸ்டம் சரியாயிடுச்சும்மா, உள்ள வாங்க" என்றார். பிறகு ரோட்டில் நின்ற லாரிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சார் யாரு?"

"பிரிண்டர்" என்றேன்.

மாடிவீட்டுக்காரர் நகரவில்லை. "லெட்டர் சார்?" என்றார். அதிகாரி போய், அரை மணி கழித்து ஒரு தாளுடன் வந்தார். பதினோரு மாதத்துக்கு அல்ல, மூன்று மாதத்துக்கு. அவர் அதை நின்றபடியே இரண்டு முறை படித்தார். பிறகு என்னிடம் இருந்த முத்திரை நகலை வாங்கி, லெட்டருடன் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கார்டைக் காட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் நான் அப்போது செக்யூரிட்டி நோட்டில் வெளியேறும் நேரத்தை எழுதிக்கொண்டிருந்தேன்.

வெற்றி என்று நான் சொன்னேன். "மூணு மாசம் சார்" என்று அவர் சொன்னார். இரண்டும் சரிதான். லெட்டரின் இரண்டாவது மாதத்தில் பதிவுச் சான்றிதழ் வந்தது. முதல் நகலை என் பிரிண்டரில்தான் எடுத்தோம். மை குறைவாக இருந்ததால் அரசு முத்திரை கொஞ்சம் சோகையாக விழுந்தது. சங்கத்தின் பெயரில் போன முதல் கடிதம், மூன்று மாத லெட்டர் எதற்கு என்று கேட்டது. பதில் இன்னும் வரவில்லை. ஸ்டூல் நாலு வந்திருக்கிறது, பேக்கிங் பிரிவுக்கு மட்டும். உறுப்பினர் பட்டியல் என் மேஜைக்கு வருவதில்லை. அது இப்போது நோட்டு நோட்டாக வளர்ந்திருக்கிறது என்று கேள்வி.

மூன்று மாதம் முடியப் பதினேழு நாள் இருக்கும்போது எங்கள் வீட்டு வாடகை ஒப்பந்தம் முடிந்தது. வழக்கம்போலப் பழைய கோப்பைத் திறந்து, தேதியை மட்டும் மாற்றி, பிரிண்ட் எடுத்து, புதன்கிழமை காலை அவரிடம் கொடுத்தேன். முன்பெல்லாம் அவர் படிக்க மாட்டார்; கையெழுத்துப் போடும் இடத்தைக் கேட்பார். இந்த முறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படித்தார்.

"சார், இதுலயும் பதினோரு மாசமா?"

"அது வழக்கம்மா. பதினோரு மாசத்துக்கு மேல போட்டா ரிஜிஸ்டர் பண்ணணும், அலைச்சல். அதனால எல்லாரும்..."

"அங்கயும் வழக்கம்னுதான் சார் சொன்னாங்க."

சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. அல்லது யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"எத்தனை போடலாம்?" என்று கேட்டேன்.

"மூணு வருசம். ரிஜிஸ்டர் ஆபீசுக்கு நானே வர்றேன். ஆபீசு ஏறி எறங்கறது இப்ப எனக்குப் பழகிடுச்சு."

மூன்று வருடம் என்று மாற்றிப் புதிதாக ஒரு பிரிண்ட் எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் இரண்டு கோடுகள். ஒன்று, வீட்டு உரிமையாளர். இரண்டு, குடியிருப்பவர். அவர் தன் பேனாவின் மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

"ஒண்ணு நீங்கதான் சார்."

பேனாவை வாங்கிக்கொண்டேன். முதல் பக்கத்துக்குத் திருப்பி, கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, படிக்க ஆரம்பித்தேன். அவர் காத்திருந்தார். இந்த முறை அடுத்த பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் போட்டேன்.